பிளாஸ்டிக் கட்டை

"இந்த வால்நட் கட்டையைக் கழற்றிட்டு, பிளாஸ்டிக் கட்டை மாட்டிக் கொடு."

ஆர்லீன் தன் வேட்டைத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, தோளில் முட்டுக்கொடுக்கும் அதன் அடிக்கட்டையைத் தட்டினாள். கடைக்கார டுவைட்டுக்குப் பகீரென்றது.

"உங்க அப்பாவோடதாச்சே இது! இந்த மாதிரி மரம் எண்ணூறு டாலர் கொடுத்தாலும் இப்ப மொன்டானாவிலேயே கிடைக்காது."

"பிளாஸ்டிக் எவ்வளவு?"

"நூத்தம்பது. ஆனா உள்ளே வெறும் கூடு. தட்டினா தகர டப்பா மாதிரி சத்தம் வரும். ஒட்டுப்பலகை முந்நூறு. பார்க்கவாவது மரம் மாதிரி இருக்கும்."

"அது வால்நட்டை விடக் கனம். மழையில ஊறாம, லேசா இருந்தாப் போதும். எனக்குக் கை தாங்கலை."

ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த ரஸ்டி சிரித்தான். "தண்ணி பீய்ச்சுற பொம்மைத் துப்பாக்கி இன்னும் லேசு!"

"உன்னைச் சுடணும்னா அதுவே போதும்."

கடையே சிரித்தது. அவள் கணவர் நெல்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"மானத்தை வாங்காதே ஆர்லீன். பிளாஸ்டிக் குளியல் தொட்டிக்குத்தான் லாயக்கு. என்னைப் புதைக்கிற வரைக்கும் என் துப்பாக்கியில மரம்தான்."

"உன்னை யார் போடச் சொன்னா? ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். இந்த வருஷம் நான் மலை ஏறத்தான் போறேன்."

போன வருஷம், 'பனி சரியில்லை' என்று சொல்லி நெல்ஸ் மான் வேட்டைக்கே போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்தே போகிற வேட்டை. அவளும் வீட்டில் இருந்துவிட்டாள். அந்த ஆத்திரமாக இருக்கும் என்று டுவைட் நினைத்தான். அதற்காக, பெற்ற அப்பன் கைபட்ட மரத்தையா கழற்றுவாள்? என்ன மனசோ!

வேண்டாவெறுப்பாகத் திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக்கை மாட்டினான்.

"சரியா இருக்கா பாரு," என்று அவள் அதை நெல்ஸிடம் நீட்டினாள்.

முகத்தைச் சுளித்தபடி அவர் வாங்கித் தோளில் சாய்த்தார். இறக்கினார். மறுபடி சாய்த்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். துப்பாக்கி முனை ஆடவே இல்லை.

"கண்றாவி," என்றார். "நீ மட்டும் இதைத் தூக்கிட்டு வந்தா, இந்த ரஸ்டிப் பய காலம் பூரா உன்னைக் கேலி பண்ணுவான். டுவைட், என்னோடதுலயும் இதையே மாட்டிடு. கட்டிக்கிட்ட பாவம், வேற என்ன செய்ய?"

"எனக்காக யாரும் தியாகம் பண்ண வேண்டாம்."

"பண்ணுவேன்! உன்னை யார் கேட்டா?"

நெல்ஸ் வண்டிக்குப் போய், தன் துப்பாக்கியை இரண்டு கையாலும் அணைத்து, வாசலில் ஒரு தடவை இறக்கிவைத்து எடுத்து வந்தார். "மாட்டி முடிக்கட்டும், நான் தீவனம் வாங்கிட்டு வந்துடறேன்," என்று அவள் எதிர்க்கடைக்குப் போனாள்.

கடைசித் திருகை முடுக்கும்போது டுவைட் ஜன்னல் வழியே பார்த்தான்.

கை தாங்காத ஆர்லீன், தோளுக்கு ஒரு தீவன மூட்டையாகப் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

நெல்ஸ் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் டுவைட் திரையை இழுத்துவிட்டான்.

"வெயில்ல கண்ணு கூசுது," என்றான்.