நீக்கிய வரியின் நிறம்

"அந்த ஃபைலைத் திறங்க" என்றார் மேலாளர் டெய்சி மேடம்.

கோகிலவாணி திறந்தாள்.

கூட்ட அறையின் பெரிய திரையில் அந்தச் சிறிய கோப்பு விரிந்தது. அவளுக்கு மூத்தவரான திருமூர்த்தி சார் நிரலைத் திறந்து பார்க்கும் எடிட்டரில் எது எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோப்பு. எழுதியவள் அவள்.

அறை நிறைய ஆட்கள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கோப்பின் தலையில் இரண்டு வேரியபிள்கள், நிறங்களுக்கு அவள் வைத்த பெயர்கள். போனது, வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்.

டெய்சி மேடம் உரக்க வாசித்தார்.

யாரோ சிரித்தார்கள்.

நிரலில் ஒரு வரியை நீக்கினால் எடிட்டர் அதைச் சிவப்பில் காட்டும். சேர்த்தால் பச்சையில். எல்லோருக்கும் அப்படித்தான்.

திருமூர்த்தி சாருக்கு இரண்டும் ஒரே மண் நிறம்.

பழைய எடிட்டரில் ஓரமாகக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருந்தன. அவற்றை வைத்தே காலத்தை ஓட்டியிருந்தார். புதிதாக வந்ததில் நிறம் மட்டும்தான்.

போன ஆடியில் ஒரு நாள், நீக்கிய வரியைக் காட்டி, புதிதாகச் சேர்த்தது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் திருத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கும் புரிந்துவிட்டது.

"ரயில்வேல செலக்ட் ஆகி, கடைசில இந்தக் கண்ணாலதான் திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க யாருக்கும் தெரியாதுங்க, கோகிலா. தெரியவும் வேண்டாம்."

அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு நிறமாக மாற்றி மாற்றிக் கேட்டாள். தெரியுதுங்களா சார்? இது? இப்ப?

போனது என்றால் ஆரஞ்சு. வந்தது என்றால் நீலம்.

மேலே ஓரிடத்தில் நிறத்தைச் சொன்னால் போதும். கீழே அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் அதுவே ஏறிக்கொள்ளும்.

அந்த இரண்டும் திரையில் வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அவர்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். ஒரே மருந்தை நோயாளிக்கு இரண்டாம் முறை எழுதினால் எச்சரிக்கிற வரி ஒன்று அதில் இருந்தது. வேறு எதையோ சரிசெய்யப் போன ஒருவன் தவறுதலாக அதையும் நீக்கிவிட்டான். அந்த மாற்றத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவர் திருமூர்த்தி சார்.

ஒரு முதியவருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இரண்டு முறை ஏறிவிட்டது. ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தார்.

சற்று முன்புதான் டெய்சி மேடம் கேட்டிருந்தார். எடுத்த வரி அவ்வளவு பளிச்சென்று தெரியுமே, எப்படி விட்டீங்க?

திருமூர்த்தி சார் மேசையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"என் எடிட்டர்ல கலரையெல்லாம் மாத்தி வெச்சது கோகிலவாணிங்க மேடம். அதுல கொழம்பிட்டேன்."

ஒப்புதல் கொடுத்த அன்றைக்கு அவர் எடிட்டரைத் திறக்கவே இல்லை. பொள்ளாச்சியில் மைத்துனர் கல்யாணம். பந்தியில் நின்றுகொண்டே செல்போனில் ஒப்புதல் கொடுத்துவிட்டேன் என்று மறுநாள் அவளிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். செல்போனில் அவள் வைத்த நிறங்கள் கிடையாது. அதே சிவப்பு. அதே பச்சை.

அவளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

அவரே சொல்லட்டும் என்று பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. தான் சொன்னாலும் இல்லையென்று சாதித்துவிடுவார் என்று அந்த உச்சந்தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அந்த வாக்கியத்தை விட்டுவிட்டாள்.

"இதெல்லாம் விளையாடற இடமா, கோகிலவாணி? இங்கயே, எல்லார் முன்னாடியும் பழையபடி மாத்துங்க. அப்புறம் எச்.ஆரைப் போய்ப் பாருங்க."

ஆரஞ்சை அழித்தாள். நீலத்தை அழித்தாள். சேமித்தாள்.

ஒரே நொடியில் திரை முழுவதும் பழைய சிவப்புக்கும் பச்சைக்கும் மாறிப்போனது.

"இப்ப தெரியுதா, திருமூர்த்தி?"

"நல்லாத் தெரியுதுங்க மேடம்."

ஒப்புதலுக்குக் காத்திருந்த அடுத்த மாற்றத்தை டெய்சி மேடமே திறந்து வைத்தார். குழந்தைகள் வார்டுக்கானது. எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி. உடனே பார்த்து அனுப்பிடுங்க என்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் வெளியேறினார்கள்.

அவரும் அவளும் மட்டும்.

அவர் திரைக்கு அருகில் போனார். கண்ணைச் சுருக்கினார். பின்னால் நகர்ந்து பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோகிலா, இதுல எடுத்தது எது, போட்டது எதுங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு நிறைய இருந்தது. பச்சை கொஞ்சம்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பாத்துக்கங்க சார்."

நடைபாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. குழுவில் எல்லோருக்கும் போகிற அறிவிப்பு.

குழந்தைகள் வார்டு, மருந்தளவு. ஒப்புதல் அளித்தவர்: திருமூர்த்தி.

எதிரே லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே இருந்த பெண், கதவு மூடிவிடாமல் கையால் தடுத்தபடி கேட்டாள்.

"வரீங்களாங்க?"