நெற்றித் தழும்பு

டொக்டர் ஜெயரூபி விளக்கை இழுத்துப் பக்கீரின் நெற்றிக்கு நேரே பிடித்தார்.

“எத்தனை வருசமா இருக்குது இது?”

பக்கீர் வாய் திறக்குமுன் மகள் றுமானா முந்திக்கொண்டாள்.

“அது தொழுகைத் தழும்பு, டொக்டர். வாப்பா கடல்லயும் ஒரு நேரம் விடமாட்டாங்க.”

பக்கீர் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சம் கூசுகிறதென்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

கிண்ணியாவில் அந்தத் தழும்பை அறியாதவர்கள் இல்லை. நெற்றியின் நட்ட நடுவில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில், கறுத்து மினுங்கிக்கொண்டிருக்கும். பொழுது விடியமுன் தனியாகப் படகெடுக்கிற மனிதர் பக்கீர். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, கக்கத்தில் பொலித்தீனில் சுற்றிக் கட்டிய முசல்லா. தொழும் பாயைக் கடலுக்கே கொண்டுபோகிறவரின் நெற்றியில் வராமல் தழும்பு வேறெங்கே வரும் என்று இறங்குதுறையில் கதைத்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தழும்பு அவருக்கு நிறையவே செய்தது. பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம் விட்டார்கள். வழக்கு வம்பென்றால் அவரைத்தான் நடுவில் இருத்தினார்கள். தன் மகனுக்கு றுமானாவைப் பெண் கேட்டு வந்த மூதூர் ஜெமீல், கதிரையில் உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

“இந்த நெத்தி போதும். இனி ஆள் வெச்சு விசாரிக்கத் தேவல்ல.”

ஒன்று மட்டும் ஊருக்குத் தெரியாது. மனைவி ஸாலிஹா மௌத்தாகி, மண்ணுக்குப் போய் ஆறு வருடம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையைத் தவிர பக்கீர் தொழுததில்லை.

கோபமா, சோம்பலா, அவருக்கே பிடிபடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே காலம் ஓடிவிட்டது.

தழும்பு வந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. முதலில் சின்னப் பரு. பிறகு புண். ஆறும், உரியும், திரும்பவும் வரும். ஒருநாள் பள்ளிவாசல் படியில் யாரோ அதை உற்றுப் பார்த்து “மாஷா அல்லாஹ்” என்றார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டாரா மனிதர்? கடலில் நெற்றிவரை இழுத்துவிடும் தொப்பியைப் பின்னால் தள்ளிப் போட ஆரம்பித்தார். ஜெமீல் வருவதற்கு முந்தின வாரம் தழும்பு காய்ந்து மங்கிப்போனது. பக்கீர் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நகத்தால் அதைச் சுரண்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

“தொழுது வாற தழும்பெண்டால் தோல் தடிச்சுக் காய்ச்சுப் போயிருக்கும், ஐயா,” என்றார் டொக்டர். “இது ஓரமெல்லாம் மினுங்குது, நடுவில புண். வெயில் பட்டுப் பட்டு வாற தோல் புற்றுநோய் மாதிரி இருக்கு. பயப்பிடாதையுங்கோ, இந்த வகை மெல்லத்தான் வளரும். புதன்கிழமை வெட்டி எடுத்துச் சோதிப்பம். அனேகமா அதோட சுகம்.”

புற்றுநோய் என்ற சொல் காதில் விழத்தான் செய்தது. ஆனால் பக்கீர் கலங்கியது அதற்கில்லை. தொழுது வந்ததல்ல என்பதை மகள் கேட்டுவிட்டாளே. மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். றுமானா கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வெட்டின பிறகு ரெண்டு கிழமைக்கு நெத்தி நிலத்தில படக்கூடாது,” என்றார் டொக்டர். “கதிரையில இருந்து தொழுங்கோ.”

“வாப்பாவுக்கு அதுதான் பெரிய கஷ்டமா இரிக்கும்,” என்றாள் றுமானா.

நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் போலிருந்தது பக்கீருக்கு.

வெளியே தாழ்வாரத்து வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. றுமானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பக்கீர் விரலை நெற்றிக்குக் கொண்டுபோய், தொடாமலே இறக்கினார். ஊருக்கு என்ன சொல்வது? தழும்பு எங்கே என்று ஜெமீல் கேட்டால்? அதெல்லாம் கிடக்கட்டும், இவளுக்கு என்ன சொல்வது?

“டொக்டருக்குத் தொழுகையப் பத்தி என்ன தெரியும், மகள்,” என்றார்.

சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

றுமானா குனிந்தாள். காலடியில் இருந்த பையைத் திறந்து, கடலுக்குப் போகிற அந்தப் பொலித்தீன் பொதியை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். குறுக்கே நீல வலைநூல். நடுவில் இரட்டை முடிச்சு.

“ஒவ்வொரு நாளும் உங்கட சாப்பாட்டோட இத எடுத்து வைக்கிறது நான்தானே, வாப்பா,” என்றாள் மெதுவாக. “இது உம்மா கடைசியாக் கட்டின முடிச்சு. ஆறு வருசமா அப்பிடியே இரிக்கு.”

பக்கீர் நிமிரவில்லை. அப்படியானால் ஜெமீல் வந்து நெற்றியைப் பார்த்துச் சிரித்த அன்றும் அவளுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்றவள், எல்லாம் தெரிந்துகொண்டே தலையைக் குனிந்திருக்கிறாள். சற்று முன்னர் டொக்டரிடம் முந்திக்கொண்டு சொன்னபோதும் தெரியும்.

“புதன்கிழமைதானே வெட்டுற,” என்றாள் றுமானா. “அதுவரைக்கும் நெத்தி நிலத்தில படலாம்.”

பக்கீர் நகத்தை முடிச்சில் கொடுத்தார். உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது, இலேசில் அவிழவில்லை. றுமானா உதவிக்குக் கையை நீட்டவில்லை, பக்கத்திலேயே இருந்தாள்.