தாய்மாமன் ஏறிய பேருந்து

மலாக்கா கடற்கரைச் சாலையில், கிளேபாங்குக்கு முந்தைய வளைவில் கார்கள் அசையாமல் நின்றன.

வீரப்பன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை பின்விளக்குகளின் சிவப்புதான். பள்ளி விடுமுறை. கோலாலம்பூரில் பாதிப் பேர் தேங்காய் ஷேக் குடிக்க இங்கே வந்துவிட்டார்கள் போலிருந்தது.

பின்சீட்டில் சீர்த் தட்டு. பக்கத்தில் மனைவி கமலவேணியின் மடியில் மாலைப் பெட்டி.

மலாக்கா டவுனில், கோயில் மண்டபத்தில், வீரப்பனின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள்.

அந்தத் தாய்மாமன் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

சாலையோரத்தில் புதிதாக நட்டிருந்த பெரிய மின்பலகையில் மஞ்சள் எழுத்துகள் மாறின. டவுனுக்குக் காரில் 50 நிமிடம், பேருந்தில் 15 நிமிடம், கார் நிறுத்த இடப்பக்கம் திரும்பவும் என்று மலாயில் வந்தது.

"என்னங்க, காரை அங்க போட்டுட்டு பஸ்ல போயிடலாம் லா," என்றாள் கமலவேணி.

"போர்டுக்கு என்னா தெரியும்?"

முப்பது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர் அவர். கோலா சுங்கை பாருவிலிருந்து டவுன்வரை அவர் டயர் படாத சந்து கிடையாது. அடுத்து வரும் கம்போங்கின், அந்த மலாய்க் கிராமத்தின், சந்தில் நுழைந்தால் நேராகக் கோயில் பின்பக்கம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

கார்கள் கொஞ்சம் நகர்ந்தன. சந்து கண்ணுக்குத் தெரிந்தது. அதன் வாயிலேயே நாலு கார்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

போன் அடித்தது. தங்கை சாந்தி.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஐயர் கேக்குறாரு."

"பொண்ணை ரெடியா இருக்கச் சொல்லு. தோ வந்துட்டேன்," என்றார் வீரப்பன். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. வருவேன் என்று சொல்லி வராமல் இருந்த பழக்கம் அவருக்கு இல்லை.

போனை வைத்தபோது பலகை மறுபடி மாறியது.

கார் 65. பேருந்து அதே 15.

வலப்பக்கம், ஆரஞ்சுக் கூம்புகள் வைத்துப் பேருந்துக்கென்று பிரித்துவிட்ட தடத்தில், ஒரு நீலப் பேருந்து யாரையும் சட்டை செய்யாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் அது மறையும்வரை பார்த்தார்.

பிறகு இடப்பக்க சிக்னலைப் போட்டார்.

கமலவேணி சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

நிறுத்துமிடத்தில் அடுத்த பேருந்து தயாராக நின்றது. கமலவேணி முன்கதவில் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். வீரப்பன் சீர்த் தட்டோடும் மாலைப் பெட்டியோடும் நடுக்கதவில் ஏறி நேரே கடைசிக்குப் போனார். முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மலாய்ப் பெண் நகர்ந்து தட்டுக்கு இடம் விட்டாள்.

பேருந்து கிளம்பியது.

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது அவருக்கு ஆகாத காரியம். உடம்பு முழுக்கக் கண்ணாக இருந்தார். வளைவு வந்தது. அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அதே நொடியில் பேருந்தும் வேகம் தணிந்தது.

கூம்புகளுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று குறுக்கே புகுந்தது. மறுபடியும் அவர் கால் அழுந்தியது. மறுபடியும் அதே நொடி. பேருந்து குலுங்காமல் தணிந்து, பொறுத்து, பிறகு வேகம் எடுத்தது. பெட்டிக்குள் மாலை இம்மியும் நகரவில்லை.

இது வண்டி தெரிந்த கை என்று அவருக்குப் பட்டது. சொல்லிக்கொடுத்து வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருவது.

ஜன்னலுக்கு வெளியே கார்கள் நின்றபடியே பின்னால் போயின. வழியில் இன்னொரு பலகை. பேருந்து 6 என்றது. வீரப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. முதுகை மெல்ல இருக்கையில் சாய்த்துக்கொண்டார்.

கோயில் வாசலில் பேருந்து நின்றது. மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது. கெட்டிமேளம் இன்னும் இல்லை. மண்டபப் படியில் நின்றிருந்த சாந்தி இவர்களைக் கண்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நடுக்கதவு பக்கத்திலேயே திறந்திருந்தது. ஆனால் வீரப்பன் தட்டையும் மாலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு, முன்கதவுக்கு நடந்தார்.

ஓட்டுநர் தொப்பி போட்டிருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பார்வை நேரே சாலையில்.

"படி உயரம்பா. பாத்து எறங்குங்க."

வீட்டில் அவள் அவரிடம் பேசுவதில்லை. பெண்பிள்ளைக்கு ரோடு வேண்டாம் என்று அவர் தடுத்தும், தேவமலர் பேருந்து லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்து, அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே கமலவேணி வழியாகத்தான் பேச்சு. அவளைக் கண்டுவிட்டுத்தான் அவர் நடுக்கதவில் ஏறியிருந்தார்.

வீரப்பன் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்.

"ஷிஃப்ட் எப்ப முடியும்?"

"ரெண்டு மணிக்கு."

"நேரா மண்டபத்துக்கு வந்துடு. எம் பக்கத்துல ஒனக்கு எலை போடச் சொல்லி வெக்கிறேன்."