கத்திக்கு அஞ்சாத ஆசியா

ஆசியாவின் தீராத இடுப்புவலிக்கு ஆப்பரேஷன் வேண்டவே வேண்டாம் என்று அவள் கணவர் தாஜ் முகம்மது ஒற்றைக் காலில் நின்றார். அவளோ ஆப்பரேஷன்தான் வேண்டும் என்றாள்.

"முதுகெலும்புல கத்தி வைக்கதுன்னா சும்மாவாளா? உனக்குப் பயமே இல்லியா?"

"எனக்கென்ன பயம்? டாக்டரம்மா தேதி சொல்லட்டும், நாளைக்கே போய்ப் படுத்துக்கிடுதேன்."

பாளையங்கோட்டையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "ஆப்பரேஷன் தேவையே இல்லம்மா. தினமும் உடற்பயிற்சி செய்யுங்க, காலையில நடங்க. பைய சரியாயிரும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" தாஜ் முகம்மதுக்குப் போன உயிர் திரும்பியது. ஆசியாவின் முகமோ தொங்கிப்போனது.

வெளியே வந்ததும் அவள் கண்கலங்க, தாஜ் முகம்மது கேட்டார். "நல்ல சேதிதானே சொன்னாவ? பிறகு எதுக்குளா அழுத?"

"எதிர்வீட்டு ஷம்ஸியா ஆப்பரேஷன் செஞ்சா. மூணு மாசம் அடுப்படிப் பக்கமே அவளை விடல. அவ மாப்பிள்ளைதான் ஆக்கிப் போட்டாரு" என்று கண்ணைத் துடைத்தாள் ஆசியா.

தாஜ் முகம்மதுக்கு வெட்கமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"சரி, நாளையிலேர்ந்து காலையில நீ நடக்கப் போ. சாயா நான் போடுதேன்."

ஆசியா நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயா மட்டும்தானா?"