கரி அடுப்புப் பரீட்சை

"எங்க வீட்டுல ஒரே ஒரு ஆள் சரின்னு சொன்னாப் போதும்."

"அவ்வளவுதானே?"

"அந்த ஒரு ஆள் தீயணைப்பு நிலைய அதிகாரி. அதை மறந்துடாதே."

இரும்புக் கடையில் நிற்கும்போதும் அவர் சொன்னது அவள் காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடப் பழக்கம். கல்யாணப் பேச்சை வீட்டில் எடுக்க மட்டும் அவருக்கு நா எழவில்லை. வாயைத் திறந்தால் மழை, வெயில் பற்றித்தான் வருகிறதாம்.

"அப்ப நானே கேக்குறேன்" என்று அன்று அவள் சொன்னதும், அவர் முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி.

"நல்லதாப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க மேடம். தோட்டத்துல கோழி சுடப்போறோம். கரி அடுப்பை நீதான் மூட்டணுமாம்."

"நானா? எதுக்கு?"

"பரீட்சைதான், வேற எதுக்கு? போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊத்திக் கரி மூட்டினார். மேடம் வேலி தாண்டிப் போய் அரை மணி நேரம் பாடம் எடுத்துட்டு வந்தாங்க. அந்த மனுஷன் அன்னையிலேர்ந்து பச்சைக் காய்கறிதான் சாப்பிடுறார்."

அவள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குழாயைத் திருகிக் குச்சி காட்டினால் நீலமாக எரியும் அடுப்போடுதான் பழக்கம். கரியோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

"இந்தாங்க அக்கா" என்று கடைக்காரர் கரி மூட்டும் எண்ணெய் பாட்டில் ஒன்றை நீட்டினார். "ரெண்டு மூடி தெளிச்சுக் குச்சி கிழிச்சா, குப்புன்னு பிடிச்சுக்கும்."

"குப்புன்னு பிடிச்சா நான் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வேற காட்டுங்க."

வெள்ளைக் கட்டிகள் வந்தன. முகர்ந்து பார்த்தாள். "இதுலயும் மண்ணெண்ணெய் வாடை. கோழி மேல ஏறிடும்."

"கரண்ட்ல சூடாகிற கம்பி இருக்கு."

"ஈரப் புல்லு மேல ஒயர் இழுக்கவா? அதுக்கு அந்தப் பாட்டிலே பரவாயில்லை."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வீட்டுக்கு அக்கா? மாமியார் வீடா?"

காது மடல் சூடானது. "மேல் தட்டுல இருக்கே, அது என்ன?"

சுற்றிலும் ஓட்டை போட்டு, மரப்பிடி வைத்த தகரக் குழாய். அடியில் காகிதம், மேலே கரி, அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, வாடை இல்லை, குப்பென்ற விவகாரமும் இல்லை. அதையே வாங்கினாள்.

மூன்று மாலை மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. முதல் நாள் காகிதத்தைத் திணித்து வைத்ததில் காற்று போகாமல் வெறும் புகை. இரண்டாம் நாள் தளர்த்தினாள், பிடித்துப் பாதியில் அணைந்தது. மூன்றாம் நாள் இரண்டே தாளை வளையம் போலச் சுருட்டி, நடுவில் இடம் விட்டாள். குழாய் உறுமியது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சீருடை இல்லாமலும் விறைப்பாக நின்றிருந்தார் அதிகாரி. அவள் கொண்டுவந்ததை எட்டிப் பார்த்தார்.

"பாட்டில் எதுவும் இல்லையா?"

"இல்லைங்க மேடம்."

"ம்" என்றவர், சமையலறைப் பக்கம் விரலை நீட்டினார். உடன் வந்த மனுஷர் அவளைத் தனியே விட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனார். துரோகி.

குழாயை அடுப்பின் மேல் நிறுத்தினாள். தாள், கரி, ஒரு குச்சி. வெள்ளைப் புகை கிளம்பியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தார். நேரம் குறிக்கிறார் என்று எண்ணி, அவள் குனிந்து ஓட்டைகளுக்குள் பார்த்தாள்.

"வந்து..." என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"சொல்லுங்க மேடம்."

"உங்க ஆய்வகத்துல மணல் வாளி வச்சிருக்கீங்களா?"

"மூணு இருக்கு மேடம். வாரா வாரம் சலிச்சு வைப்பேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை.

புகை ஓய்ந்தது. ஓட்டைகள் வழியே ஒவ்வொன்றாகச் செம்மை எட்டிப் பார்த்தது. மேல் கரி விளிம்பில் சாம்பல் பூத்ததும், பிடியை இறுகப் பற்றி அடுப்பில் கவிழ்த்தாள். ஒரு பொறிகூட வெளியே தெறிக்கவில்லை. அடுப்பு முழுக்கத் தகதகவென்று தணல்.

"பன்னிரண்டு நிமிஷம்" என்றார் அதிகாரி, நம்ப முடியாமல். "எங்க நிலையத்துல ஒருத்தருக்கும் இவ்வளவு சுத்தமா மூட்ட வராது."

ஜெயித்துவிட்டாள். இனி கேட்க வேண்டியதுதான். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இருங்க, நான் முந்திக்கிறேன். கரி பிடிக்க அரை மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள எனக்குத் தைரியம் வந்துடும்னுதான் இந்த வேலையை உங்ககிட்ட குடுத்தேன். நீங்க என்னடான்னா பன்னிரண்டே நிமிஷத்துல முடிச்சுட்டீங்க."

"உங்களுக்குத் தைரியமா? எதுக்கு மேடம்?"

"ஒரு வருஷமா மனசுலயே வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்தேன், சொல்ற மாதிரியே தெரியலை."

எரியும் வீட்டுக்குள் யோசிக்காமல் நுழையும் அந்த அதிகாரி, தயங்கித் தயங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. எங்க அப்பாவை நீங்க கட்டிக்கிறீங்களா, ஆன்ட்டி?"