இடப்பக்கப் பின்கதவு

இழுத்தான். திறக்கவில்லை.

பின்னிருக்கையில் இருந்தபடி இன்னொரு முறை இழுத்தான். பிடி மட்டும் தொளதொளவென்று அசைந்தது. கதவு அப்படியே இருந்தது.

இருக்கையில் நகர்ந்து, முழங்காலை இடித்துக்கொண்டு, மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்தான்.

வியர்த்திருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

மதியம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாளை விடியப் புறப்பாடு. பழைய கார்கள் மட்டும் ஓடும் ராலி. பிள்ளைகள் மருத்துவமனைக்கு நிதி சேர்க்க. சிட்னியில் தொடங்கி, செம்மண் பாலையைக் குறுக்கே கடந்து, மறுபக்கக் கடல் தெரியும்வரை.

கலந்துகொள்ள ஓம் என்று ஒப்புக்கொண்ட அன்று பாதை வெளியாகவில்லை. வெளியான அன்று வரைபடத்தில் அந்த ஊரின் பெயரைக் கண்டான்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

கோயிலிலும் கடைகளிலும் இருவர் பெயரையும் சொல்லி, கூட ஓட்டப்போகும் சிநேகிதன் நிமலன் நன்கொடை சேர்த்துவிட்டான். சும்மா விலக முடியாது. வண்டியே பழுதாகி விலக்க வேண்டும்.

ஒரு மாதமாக அதில் குறை தேடினான்.

ரேடியேட்டர் ஒழுகவில்லை. பிரேக் பிடித்தது. அடியில் கல் அடிக்காமலிருக்கத் தகடு போட்டாயிற்று. முறுக்கிய ஆணிகளையே மறுபடி முறுக்கிப் பார்த்தான். ஒன்றும் தளரவில்லை.

இந்த ஒரு கதவு மட்டும்.

இதைக் காரணமாகச் சொல்ல முடியாது. சிரிப்பார்கள்.

விட்டுவிடவும் முடியவில்லை.

நிமலன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். இன்னொன்றைச் சுவரில் சாய்த்திருந்தான்.

"இன்னும் உந்தக் கதவோடதான் மல்லுக்கட்டுறியோ?"

அவன் கதவின் உள் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பின்னுக்கு ஆரடாப்பா இருக்கப் போறது? டயர் என்ன, கதவைத் திறந்து இறங்கவோ போகுது?"

அட்டை கழன்று வந்தது.

நிமலன் டயரின் மேலேயே உட்கார்ந்து கைபேசியில் பாதையைத் தள்ளிப் பார்த்தான்.

"மூண்டாம் நாள் படுக்கை இங்கயாம். ஊர்ச் சனம் ஆடு சுட்டுத் தருமாம், மச்சான்." ஊரின் பெயரைச் சொன்னான். பிழையாகச் சொன்னான். "முந்தி இங்க அகதி முகாம் ஒண்டும் இருந்ததாம். இப்ப பூட்டியாச்சாம்."

அவன் திருத்தவில்லை.

எங்கே தடுத்துவைத்தார்கள் என்று கேட்பவர்களிடம் தீவு முகாம் என்றே சொல்லி வந்தான். அது பொய்யில்லை. படகிலிருந்து இறக்கித் தீவில் சில வாரம் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பாலைவெளியில் கழிந்த இரண்டு வருடத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கதவுக்குள் கையை விட்டான். பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி கழன்று கிடந்தது. அதைப் பிடித்துவைக்கும் கிளிப் உடைந்திருந்தது. நகத்தளவு பிளாஸ்டிக்.

சைக்கிள் கம்பியை வெட்டி வளைத்தான். முதலாவது முறிந்தது. அடுத்தது நழுவிக் கதவின் அடியில் விழுந்து கிலுங்கியது.

அன்று விமானத்தளத்திலிருந்து முகாமுக்கு ஏற்றிப்போன வண்டியில் பின்கதவுக்கு உள்ளே பிடியே இல்லை.

இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாய் ஒரு மூடி. வழி நெடுக அவன் கை அதையே தடவிக்கொண்டு வந்தது. வண்டி நின்ற பிறகும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. யாராவது வந்து வெளியிலிருந்து திறக்கும்வரை.

மூன்றாவது கம்பி கொளுவிக்கொண்டது.

"பின் சீற்றைக் கழட்டுவமே?" நிமலன் ஸ்பானரோடு நின்றான். "ரெண்டு டயரையும் கிடத்தலாம். தண்ணிக் கானும் வைக்கலாம்."

"வேண்டாம்."

"விசர்க்கதை கதையாத. நேரம் போகுது."

அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"கதவைச் சாத்து."

"ஏன், ஐயாவுக்குக் கையில்லையோ?"

"நீ சாத்து. வெளியில இருந்து."

நிமலன் சாத்தினான். கண்ணாடிக்கு அப்பால் விறைப்பாக நின்று, பொலிஸ்காரனைப் போல ஒரு சலூட் அடித்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

அவன் கை பிடியில் இருந்தது.

இழுக்கவில்லை.

நிமலனின் சிரிப்பு குறைந்தது. குனிந்து உள்ளே பார்த்தான். கதவைத் திறக்கக் கையை நீட்டினான்.

"தொடாத!"

கத்தியது தான்தான் என்று அவனுக்கே உறைக்கச் சற்று நேரம் ஆனது.

இழுத்தான்.

திறந்தது.

சாத்தினான். இழுத்தான். திறந்தது. மறுபடியும். மறுபடியும்.

நிமலன் இரண்டடி தள்ளி நின்றான்.

"அந்த ஊருக்குள்ள போகேக்க நீ ஓட்டு," என்றான் அவன். "நான் பின்னுக்கு இருக்கிறன்."

நிமலன் கைபேசியை எடுத்து அந்த ஊரின் பெயரைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

"அங்க எவ்வளவு காலமடா?"

"ரெண்டு வருசம்."

தெருவில் யாரோ புல்வெட்டியை முடுக்கினார்கள். அது நின்றது. மறுபடி முடுக்கினார்கள்.

நிமலன் ஸ்பானரைத் தரையில் வைத்தான். டயரை நிமிர்த்தித் தூக்கினான். திறந்திருந்த கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றான்.

பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கக் கதவுக்குப் போனான். டயரை உள்ளே தள்ளினான். அது இருக்கையில் பாதிக்கு மேல் அடைத்தது. வெளியே இழுத்துக் குத்தாக நிறுத்தி, மறுபடி தள்ளினான்.

"கால் நீட்ட உனக்கு இவ்வளவு இடம் காணுமோ?" என்றான், அவன் முகத்தைப் பார்க்காமல்.