அவள் சொன்ன லெஃப்ட்

“உன் பேர் என்னம்மா?”

முகாமின் முதல் நாள் கேப்டன் அக்கா கேட்டது அந்தப் பெண்ணை. பதில் சொன்னது அப்பா.

“என்ன படிக்கிறே?”

அதற்கும் அப்பாதான்.

“நீச்சல் தெரியுமா?”

“அதெல்லாம் தெரியாது மேடம். இவளுக்குத் தண்ணின்னா பயம், உயரம்னா பயம், நாலு பேரைப் பார்த்தா பயம். நீங்கதான் பார்த்துக்கணும்.”

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்திப் பழகிய தொண்டை. தான் மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. கேப்டன் அக்காவுக்கு அவரைப் பார்த்த மாத்திரத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது.

நகரத்துப் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டி வந்து, கூடாரம் அடிக்கவும் மலையேறவும் பழக்கி, நாலு பேரை வழிநடத்தும் துணிச்சலோடு வீட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. வாயே திறக்காத அந்தப் பெண்ணுக்கு மற்ற பிள்ளைகள் ‘சைலண்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மலையில் திடீரென்று பனி மூடி, வாய்வீச்சு வீரர்கள் எல்லாம் அலறிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூடாரத்தில் கொண்டுவந்து சேர்த்தவள் சைலண்ட்தான். கேப்டன் அக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கடைசி நாள் பெற்றோர்கள் வந்தார்கள்.

“சார், அடுத்த முகாமுக்கு உங்க பொண்ணுதான் குழுத் தலைவி.”

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். “இவளா? பேசவே வராது, இவ யாரை மேய்க்கப் போறா? சரிப்பட்டு வராது மேடம். நாங்க கிளம்பறோம்.”

சைலண்ட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரே ஒரு விளையாட்டு பாக்கி இருக்கு சார். அதை முடிச்சுட்டுச் சொல்லுங்க.”

பெற்றோருக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் தொடாமல், வாயால் மட்டுமே வழி சொல்லி, மேட்டிலுள்ள பெரிய மரம்வரை கூட்டிப் போகவேண்டும். சைலண்ட்டுக்கு எது வராதோ அது மட்டுமே தேவைப்படுகிற விளையாட்டு.

முணுமுணுத்துக்கொண்டே நின்ற ஃபோர்மேனின் கண்ணைக் கேப்டன் அக்காவே ஒரு துணியால் கட்டிவிட்டாள்.

“வாங்கப்பா...”

“காதுல விழல!”

“நேரா... வாங்கப்பா.”

அப்பாவுக்கு எதிரே நின்று, பின்பக்கமாக நடந்தபடியே வழி சொன்னாள் பெண். கொஞ்ச தூரம் சரியாகத்தான் போனது. ஓரிடத்தில் பாதையின் ஒரு பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது.

“லெஃப்ட்ல வாங்கப்பா!”

ஃபோர்மேன் ஒரு நொடி நின்றார். பிறகு தன் இடது பக்கம் திரும்பினார். சதக்! முழங்கால்வரை சேறு.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நல்லா வேணும் என்று கேப்டன் அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆயிற்று, இப்போது மனுஷன் ஊரைக் கூட்டப்போகிறார்.

“அடுத்து?” என்றார் ஃபோர்மேன்.

“ஸாரிப்பா... எதிர்ல நின்னதால என் லெஃப்டைச் சொல்லிட்டேன்... என்னால முடியாதுப்பா...”

“அது கிடக்கட்டும். நான் சேத்துல நிக்கறேன், எந்தக் காலை எங்க வைக்கணும்? அதைச் சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஓடிவந்து அவருக்குப் பின்னால், அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்றாள்.

“வலது காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ம், அங்க வைங்க.”

வைத்தார்.

“இப்ப ரைட்ல ரெண்டடி. மெதுவா! அவசரப்படாதீங்கப்பா. நான் சொன்னா மட்டும் நடங்க!”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள்? அதட்டுகிறாள், நிறுத்துகிறாள், “குனிங்க, கிளை இருக்கு!” என்கிறாள். தொழிற்சாலையையே ஆட்டிப்படைக்கிற மனுஷன் பெட்டிப்பாம்பாக நடந்து போய் மரத்தைத் தொட்டார்.

“சைலண்ட்டுக்கு ரிங்டோன் வந்துடுச்சுடா!” என்று ஒருவன் கத்த, பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு குதித்தார்கள். கேப்டன் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குழாயடியில் ஃபோர்மேன் கால் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பெண்ணை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற கவலையில் கேப்டன் அக்கா அவர் பக்கத்தில் போனாள்.

“சார், தயவுசெஞ்சு அவளைத் திட்டாதீங்க. கண்ணைக் கட்டிட்டா யாரா இருந்தாலும் சேத்துல கால் வைக்கத்தான் செய்வாங்க.”

“நான் ஏன் மேடம் திட்டறேன்? அடுத்த முகாம் எப்போன்னு மட்டும் சொல்லுங்க, லீவு போட்டுக் கொண்டுவந்து விடறேன்.” குழாயை மூடினார். “அப்புறம் ஒரு விஷயம். துணியை ரெண்டா மடிச்சுக் கட்டுங்க. எனக்கு எல்லாமே பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

அவள் திகைத்துப்போனாள். “அப்போ... அந்தச் சேறு?”

“அதுவும்தான் தெரிஞ்சுது.”

தூரத்தில் அவர் பெண், கூடாரத்தை எப்படிச் சுருட்ட வேண்டும் என்று யாரையோ உரத்த குரலில் விரட்டிக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவ சொன்னது தப்புன்னு நான் ஒதுங்கிப் போயிருந்தா, அதுக்கப்புறம் அவ எதுக்கு மேடம் வாயைத் திறக்கப்போறா?”